படத்திலிருந்து கணினி ஐகான்: பதினாறு பிக்சலுக்குள் ஒரு மிருதங்கம்

கணினியில் கோப்புறைகள் பெருகப் பெருக, எல்லாம் ஒரே மஞ்சள் நிறத்தில், ஒரே வடிவத்தில் வரிசையாக நிற்பதே தேடுவதற்குத் தடையாகிவிடுகிறது. பெயரைப் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அடிக்கடி திறக்கும் நான்கைந்து கோப்புறைகளுக்கு மட்டுமாவது தனி ஐகான் வைத்துவிட்டால், கண் படிப்பதற்கு முன்பே கை அங்கே போய்விடும். இதற்குத் தேவையான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வேலையும் ஒரு மாலைப் பொழுதுக்குள் முடியக்கூடியதுதான். ஆனால் பெரும்பாலானவர்கள் செய்வதுபோல, கைக்குக் கிடைத்த புகைப்படத்தை ஏதோ ஓர் இணையதளத்தில் ஏற்றி மாற்றி இறக்கினால், மங்கலான ஒரு புள்ளிதான் மிஞ்சும். நல்ல ஐகானுக்கான உழைப்பில் பெரும்பகுதி, மாற்றும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

இங்கே ஓர் எடுத்துக்காட்டைத் தொடக்கம் முதல் இறுதி வரை பின்பற்றுவோம். விண்டோஸ் கணினி ஒன்றில் கச்சேரி ஒலிப்பதிவுகள் அடங்கிய ஒரு கோப்புறை இருக்கிறது; அதற்கு இசைக்கருவி ஒன்றின் புகைப்படத்திலிருந்து ஐகான் செய்ய வேண்டும். கருவியாகக் கிம்ப் என்னும் இலவச மென்பொருளை எடுத்துக்கொள்வோம். மேக், லினக்ஸ் கணினிகளில் வேலை வேறு மாதிரி என்பதால், அவற்றைக் கடைசியில் சுருக்கமாகப் பார்க்கலாம்.

ஐசிஓ கோப்பு என்பது என்ன

விண்டோஸ் ஐகான்கள் ஐசிஓ என்னும் கோப்பு வகையில் சேமிக்கப்படுகின்றன. ஒரு ஜேபெக் படத்தின் பெயரின் இறுதியில் இருக்கும் எழுத்துகளை அழித்துவிட்டு ஐசிஓ என்று மாற்றி எழுதிவிட்டால் அது ஐகான் ஆகிவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெயரை மாற்றுவதால் உள்ளே இருப்பது மாறுவதில்லை. அது பெயர் மாறிய ஜேபெக் படமாகவே இருக்கும்.

ஐசிஓ ஒரு படம் அன்று, பல படங்களைத் தாங்கும் ஓர் உறை. அதன் தொடக்கத்தில் ஆறு பைட் நீளமுள்ள ஒரு சிறு தலைப்பகுதி, உள்ளே எத்தனை படங்கள் இருக்கின்றன என்று சொல்கிறது. அதையடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் பதினாறு பைட் வீதம் அதன் அகலம், உயரம், நிற ஆழம் (ஒரு பிக்சலின் நிறத்தைக் குறிக்கும் பிட்களின் எண்ணிக்கை), கோப்பில் அது தொடங்கும் இடம் ஆகியவை குறிக்கப்படுகின்றன. அகலத்தைக் குறிக்க ஒரே ஒரு பைட் ஒதுக்கப்பட்டிருப்பதால் 255க்கு மேல் எழுத இடமில்லை. பின்னாளில் 256 பிக்சல் படங்கள் தேவைப்பட்டபோது, அந்த இடத்தில் சுழியம் இருந்தால் 256 என்று பொருள் கொள்ளும்படி ஏற்பாடு செய்துகொண்டார்கள். பழைய வீட்டில் அறை கட்ட இடமில்லாமல் பரணைப் பயன்படுத்திக்கொண்ட கதைதான்.

விண்டோஸ் தனக்கு எந்த இடத்தில் எந்த அளவு தேவையோ அந்த அளவுப் படத்தை இந்த உறையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. திரையின் அளவுப் பெருக்கம் நூறு விழுக்காட்டில் இருக்கும்போது, மேசைத்திரையில் வழக்கமாகத் தெரியும் நடுத்தர ஐகான் 48 பிக்சல் அகலம் கொண்டது. கோப்புறைகளைப் பட்டியலாகப் பார்க்கும்போதும், இடப்பக்கப் பலகத்திலும் தெரிவது 16 பிக்சல். பணிப்பட்டையில் 24. மிகப் பெரிய ஐகான்களாகப் பார்க்கும் காட்சியில் 256. மடிக்கணினிகளில் அளவுப் பெருக்கம் பெரும்பாலும் 125 அல்லது 150 விழுக்காட்டில் வைக்கப்பட்டிருப்பதால், அங்கே 16 என்பது 20 அல்லது 24 ஆகவும், 48 என்பது 60 அல்லது 72 ஆகவும் மாறுகிறது. சரியான அளவு உறைக்குள் இல்லாவிட்டால், இருப்பதில் பொருத்தமான ஒன்றை எடுத்து விண்டோஸ் தானாகவே சுருக்கியோ பெருக்கியோ காட்டும். மங்கல் என்று நாம் குறைப்பட்டுக்கொள்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் உண்டாகிறது.

ஆகவே 16, 24, 32, 48, 256 ஆகிய ஐந்து அளவுகளையாவது ஒரே கோப்பில் வைப்பது நல்லது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் நிரலாளர்களுக்குக் குறைந்தபட்சமாகப் பரிந்துரைப்பது இவற்றைத்தான். விருப்பமிருந்தால் 64 பிக்சலையும் சேர்க்கலாம். அதற்கு மேல் சேர்ப்பதால் கண்ணுக்குத் தெரியும் பலன் அதிகம் இல்லை.

எந்தப் படம் தாங்கும்

பதினாறுக்குப் பதினாறு என்பது மொத்தம் 256 கட்டங்கள். அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் இடம். வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும்: பதினாறு புள்ளிக்குள் எந்த உருவம் அடங்கும், எது அடங்காது என்று அவர்களால் பார்த்தவுடன் சொல்லிவிட முடியும். 1984இல் வெளிவந்த முதல் மெக்கின்டாஷ் கணினிக்கு ஐகான்களை வரைந்த சூசன் கேர், கட்டம் போட்ட தாளில் 32க்கு 32 கட்டங்களை நிரப்பித்தான் தொடங்கினார். பின்னர் விண்டோஸ் 3.0 பதிப்புக்கும் அவரே ஐகான்கள் வரைந்தார். அன்றைய மெக்கின்டாஷில் கறுப்பும் வெள்ளையும் தவிர வேறு நிறமே கிடையாது. பள்ளிக்கூடத்துக் கணக்கு நோட்டில் பதினாறு கட்டங்களை அடைத்துப் பென்சிலால் ஒருமுறை வரைந்து பார்க்கும் வழக்கத்தை இன்றும் நான் பரிந்துரைப்பேன். நோட்டில் அடையாளம் தெரியாத உருவம் திரையிலும் தெரியாது.

கச்சேரிக் கோப்புறை என்றதும் பலருக்கும் முதலில் வீணைதான் நினைவுக்கு வரும். ஆனால் வீணை நீண்ட கருவி, ஐகானோ சதுரம். முழு வீணையையும் கிடையாகச் சதுரத்துக்குள் வைத்தால், மேலும் கீழும் பாதிக்கு மேல் வெற்றிடமாகிவிடும். தண்டின் தடிமன் இரண்டு பிக்சலாகவும், தந்திகள் இல்லாமலேயும் போய்விடும். மூலைக்கு மூலை சாய்த்து வைத்தால் சிறிது நீளம் கிடைக்கும், ஆனால் சாய்வுக் கோடுகள் சிறிய அளவில் படிப்படியாக உடைந்து தெரியும். புல்லாங்குழலுக்கும் வயலினுக்கும் இதே சிக்கல்தான்.

மிருதங்கத்தின் கதை வேறு. அதைப் பக்கவாட்டில் படம் பிடித்தால் பீப்பாய் வடிவமும் வார்களும் தெரியும். அதுவும் பதினாறு பிக்சலில் குழம்பிவிடும். ஆனால் வலக்கையால் வாசிக்கும் முகமான வலந்தலையை நேராக எதிரே வைத்துப் பிடித்த படத்தில் தெரிவது மூன்று வட்டங்கள் மட்டுமே: வெளியே பழுப்புநிற வளையம், அதற்குள் வெளிறிய தோல், நடுவில் கரணை என்னும் கரும்பூச்சு. நிறங்களுக்கிடையே வேறுபாடு மிகுதி, வடிவமோ எளிமை. எவ்வளவு சுருக்கினாலும் அந்த மூன்று வட்டங்கள் அழியாமல் நிற்கும். மிருதங்கம் அறிந்த எவருக்கும் ஒரு நொடியில் அடையாளம் தெரியும்.

படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வேறு எந்தப் பொருளுக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். பொருளின் வெளிக்கோடு மட்டும் தெரிந்தால் அது என்னவென்று சொல்ல முடியுமா என்பது முதற்கேள்வி. அதன் நிறங்களுக்குள் வெளிச்சமும் இருளும் போதிய தொலைவில் இருக்கின்றனவா என்பது இரண்டாவது. குடும்பப் புகைப்படங்கள் அடங்கிய கோப்புறைக்குக் குடும்பம் முழுவதும் நிற்கும் படத்தை ஐகானாக வைக்க விரும்புவோர் உண்டு. எட்டுப் பேர் நிற்கும் படம் எட்டுக் கறைகளாகத்தான் தெரியும். ஒரே ஒரு குழந்தையின் முகத்தை மட்டும் நெருக்கமாக வெட்டி எடுத்தால், 48 பிக்சலில் அது அழகாகவே நிற்கும்.

கிம்ப்பில் வெட்டுதல்

படத்தைக் கிம்ப்பில் திறந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, அதைச் சதுரமாக வெட்டுவது. செவ்வகத் தேர்வுக் கருவியை எடுத்து, அதன் விருப்பங்களில் ஃபிக்ஸ்ட் என்னும் பெட்டியைக் குறியிட்டு, அகல உயர விகிதத்தை ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், எப்படி இழுத்தாலும் சதுரமே கிடைக்கும். வலந்தலை முழுவதும் உள்ளடங்குமாறு இழுத்துவிட்டு, இமேஜ் பட்டியலில் உள்ள கிராப் டு செலக்ஷன் கட்டளையைக் கொடுக்க வேண்டும். புகைப்படம் சற்றே பக்கவாட்டிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் வட்டம் முட்டை வடிவமாகத் தெரியும். பெர்ஸ்பெக்டிவ் கருவியால் அதைத் திருத்த முடியும் என்றாலும், கருவி கையருகே இருக்குமானால் நேராக நின்று இன்னொரு படம் எடுப்பதே விரைவான வழி.

அடுத்தது பின்னணியை நீக்குவது. ஜேபெக் படத்தில் ஒளிபுகும் தன்மைக்கு இடமே கிடையாது. ஆகவே லேயர் பட்டியலில் டிரான்ஸ்பரன்சி என்பதற்குள் சென்று ஆட் ஆல்ஃபா சேனல் என்பதை முதலில் கொடுத்துவிட வேண்டும். இதை மறந்துவிட்டு அழித்தால், அழித்த இடத்தில் வெற்றிடத்துக்குப் பதிலாகப் பின்னணி நிறம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பின்னர் நீள்வட்டத் தேர்வுக் கருவியையும் அதே ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் நிறுத்தி, மிருதங்கத்தின் வெளி வளையத்தை ஒட்டி வட்டமாகத் தேர்ந்தெடுக்கவும்.

இப்போது உடனே அழித்துவிடக் கூடாது. தேர்வின் எல்லை எவ்வளவு கவனமாக இழுத்தாலும், பின்னணியின் நிறம் ஓரிரு பிக்சல் உள்ளே கசிந்திருக்கும்; வெள்ளைச் சுவரின் முன் எடுத்த படமானால், கரிய மேசைத்திரையில் ஐகானைச் சுற்றி ஒரு வெண்ணிற வளையம் மினுமினுக்கும். அதைத் தவிர்க்க, செலக்ட் பட்டியலில் உள்ள ஷ்ரிங்க் கட்டளையால் தேர்வை இரண்டு மூன்று பிக்சல் உள்ளே சுருக்கிக்கொள்ள வேண்டும். அதன்பின் இன்வர்ட் கொடுத்தால் வட்டத்துக்கு வெளியே உள்ள பகுதி தேர்வாகும். டெலீட் விசையை அழுத்தினால் அது நீங்கி, சாம்பல்நிறச் சதுரங்கக் கட்டங்கள் தெரியும். அந்தக் கட்டங்கள் அங்கே எதுவும் இல்லை என்பதற்கான அடையாளம் மட்டுமே. ஐகானில் அவை வாரா.

வட்டமல்லாத பொருளானால் தேர்வு கடினப்படும். பாத்ஸ் கருவியால் ஓரத்தைச் சுற்றிப் புள்ளிகள் வைத்துக்கொண்டே போய், அந்தப் பாதையைத் தேர்வாக மாற்றுவது மெதுவான வேலை என்றாலும் சுத்தமான விளிம்பைத் தரும். ஒரே நிறமுள்ள பகுதிகளைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் மந்திரக்கோல் போன்ற கருவிகளை ஐகானுக்கு நான் விரும்புவதில்லை. அவை விடும் கிழிசல்கள் பெரிய படத்தில் தெரியாமல் இருந்து, சுருக்கியபின் அழுக்காக வெளிப்படும்.

வட்டம் சதுரத்தின் நான்கு பக்கங்களையும் தொடும்படி, இமேஜ் பட்டியலில் உள்ள கிராப் டு கன்டென்ட் என்பதைக் கொடுத்து வெற்றிடத்தை நீக்கிவிடலாம். ஐகானில் ஓரத்துக்கு இடம் விடுவது, இருக்கும் சிறிய இடத்தையும் வீணாக்குவதாகும். பிறகு கலர்ஸ் பட்டியலில் லெவல்ஸ் சென்று, தோல் இன்னும் சற்று வெளிறியும், கரணை இன்னும் சற்றுக் கறுத்தும் தெரியுமாறு இரண்டு முனைகளையும் உள்ளே நகர்த்தவும். பெரிய படத்தில் பார்க்கும்போது இது மிகையாகத் தோன்றும். சிறிய அளவில் சரியாக இருக்கும்.

அளவை மாற்றுவதற்கு முன், படத்தைக் கிம்ப்பின் சொந்த வகையான எக்ஸ்சிஎஃப் கோப்பாக ஒருமுறை சேமித்துவிடுவது கட்டாயம். சுருக்கிய படத்திலிருந்து பெரிய படத்தைத் திரும்பப் பெற வழியே கிடையாது.

அளவுக்கு ஓர் அடுக்கு

கிம்ப்பின் வசதி என்னவென்றால், ஐசிஓவாக ஏற்றுமதி செய்யும்போது லேயர் எனப்படும் ஒவ்வோர் அடுக்கையும் அது ஒரு தனி ஐகான் படமாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே, இமேஜ் பட்டியலில் ஸ்கேல் இமேஜ் சென்று முழுப் படத்தையும் 256 பிக்சலுக்குக் கொண்டுவந்தபின், அந்த அடுக்கை டூப்ளிகேட் லேயர் கட்டளையால் படியெடுத்து, படியை மட்டும் லேயர் பட்டியலில் உள்ள ஸ்கேல் லேயர் மூலம் 48க்குச் சுருக்க வேண்டும். மறுபடியும் 256 அடுக்கிலிருந்தே இன்னொரு படி எடுத்து 32க்கு, அதேபோல் 24க்கு. 48லிருந்து 32, அதிலிருந்து 24 என்று படிப்படியாக இறங்கினால், ஒவ்வொரு முறையும் சிறிது மங்கல் சேர்ந்துகொண்டே வரும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகள் குவிந்து குழப்பினால், பக்கத்தில் உள்ள கண் அடையாளத்தைச் சொடுக்கி மற்றவற்றை மறைத்துக்கொண்டு வேலை செய்யலாம்.

சுருக்கிய 48, 32 அடுக்குகள் சற்று மென்மையாகத் தோன்றும். ஃபில்டர்ஸ் பட்டியலில் என்ஹான்ஸ் என்பதற்குள் இருக்கும் ஷார்ப்பன் வடிகட்டியை மிகக் குறைந்த ஆரத்தில் ஒருமுறை கொடுத்தால் விளிம்புகள் நிமிர்ந்துவிடும். இரண்டு முறை கொடுத்தால் கெட்டுவிடும்.

பதினாறு பிக்சலுக்கு மட்டும் சுருக்கும் வழியை விட்டுவிட்டு, கையாலேயே வரையுமாறு வலியுறுத்திச் சொல்வேன். நியூ லேயர் மூலம் 16க்கு 16 அளவில் வெற்று அடுக்கு ஒன்றை உருவாக்கி, திரையில் எண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் பெரிதாக்கிக்கொண்டு, பென்சில் கருவியை ஒரு பிக்சல் தடிமனில் வைத்து வரையவும். தூரிகைக் கருவி விளிம்பை மென்மைப்படுத்தும். பென்சில் அப்படிச் செய்யாது, கட்டத்தை நிரப்பும் அல்லது விட்டுவிடும்.

இங்கே ஒரு சிறிய கணக்கு உதவும். பதினாறு இரட்டைப்படை எண் என்பதால், நடுவில் ஒற்றைப் பிக்சல் என்று ஒன்று கிடையாது. நடுக்கோடு எட்டாவது கட்டத்துக்கும் ஒன்பதாவது கட்டத்துக்கும் இடையில் ஓடுகிறது. எனவே ஒற்றைப்படை விட்டம் கொண்ட கரணை எப்படி வைத்தாலும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். வெளி வட்டம் 16, தோல் 12, கரணை 6 என்று எல்லா விட்டங்களையும் இரட்டைப்படையில் வைத்தால், குறுக்கே 2, 3, 6, 3, 2 என்று அழகாகப் பிரியும். புகைப்படத்தில் கரணையின் உண்மையான விகிதம் இதைவிடச் சற்று மாறுபடலாம். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, உண்மையைவிடத் தெளிவு இங்கே முக்கியம். வட்டத்தின் வளைவில் படிக்கட்டுபோல் தெரியும் மூலைகளில், அதே பழுப்பு நிறத்தைப் பாதி ஒளிபுகும்படி ஒவ்வொரு பிக்சலாக இட்டால் வளைவு உருண்டு தெரியும். 24 பிக்சலுக்கும் மனமிருந்தால் இப்படியே செய்யலாம்: 2, 5, 10, 5, 2.

இன்னொன்றையும் கவனத்தில் கொள்ள வேண்டும். ஷார்ட்கட் ஐகான்களின் இடப்பக்கக் கீழ்மூலையில் விண்டோஸ் ஒரு சிறு அம்புக்குறியை ஒட்டிவிடுகிறது. வடிவத்தை அடையாளம் காட்டும் முக்கியப் பகுதி அந்த மூலையில் இருக்குமானால், அது மறைந்துபோகும். மிருதங்கத்துக்கு எல்லா மூலைகளும் வெற்றிடம்தான் என்பதால் நமக்குச் சிக்கல் இல்லை. முகம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் படங்களுக்கு இது நேரும்.

எழுத்தை ஐகானாக்கினால்

படமே வேண்டாம், கோப்புறைப் பெயரின் முதல் எழுத்தே போதும் என்று நினைக்கிறவர்களுக்குத் தமிழ் எழுத்துகள் சில எளிதாகவும் சில மிகக் கடினமாகவும் அமைகின்றன. ப, ட இரண்டும் கிடைக்கோடும் நெடுங்கோடும் மட்டுமே கொண்டவை. பிக்சல் கட்டத்துக்கென்றே பிறந்தவைபோல் பதினாறிலும் கூர்மையாக நிற்கும். ம, வ, க முதலியவை கொஞ்சம் கவனித்தால் தேறிவிடும். அ, ழ, ஐ போன்றவற்றில் சுழிகள் உண்டு; இரண்டு பிக்சல் கோடும் இரண்டு பிக்சல் இடைவெளியும் என்று வைத்தால் அகலத்தில் நான்கு கோடுகளுக்குத்தான் இடம் இருக்கும் என்பதால், சுழிகள் அடைபட்டுவிடும். ண மூன்று சுழியோடு வந்து நிற்கும்போது பதினாறு பிக்சல் கைவிரித்துவிடும். அத்தகைய எழுத்துக்குச் சிறிய அளவில் எழுத்தையே விட்டுவிட்டு, நிறச் சதுரம் ஒன்றை மட்டும் வைப்பது நேர்மையான தீர்வு.

எழுத்து ஐகானுக்குக் கிம்ப்பைவிட, கோட்டுருவங்களை வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப் பொருத்தமானது. அதில் பக்கத்தின் அளவை 256க்கு 256 பிக்சல் என்று வைத்து, கட்டக்கோடுகளின் இடைவெளியைப் பதினாறு என்று அமைத்தால், பக்கத்தில் தெரியும் ஒவ்வொரு கட்டமும் கடைசியில் பதினாறு பிக்சல் ஐகானின் ஒரு பிக்சல் ஆகும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவில் தடித்த வடிவத்தைத் தேர்ந்து, எழுத்தை இட்டு, பாத் பட்டியலில் உள்ள ஆப்ஜெக்ட் டு பாத் கட்டளையால் அதைக் கோட்டுருவமாக்கிவிட்டு, நெடுங்கோடுகளின் விளிம்புகளைக் கட்டக்கோட்டின்மேல் சரியாக உட்காரும்படி நகர்த்த வேண்டும். கோடு கட்டத்துக்கு நடுவே விழுந்தால், சுருக்கும்போது இரண்டு பிக்சல்களில் பாதிப் பாதியாகப் பரவி மங்கும். இந்த ஏற்பாடு 16, 32, 48, 64, 128 ஆகியவற்றுக்குப் பொருந்தும். 24 மட்டும் பதினாறின் மடங்கு அன்று என்பதால், அதற்குப் பக்கத்தை 48 பிக்சலில் வைத்து இரண்டு பிக்சல் கட்டத்தில் தனியாக ஒருமுறை ஒழுங்குபடுத்துவது நலம். முடிந்ததைப் பிஎன்ஜி படங்களாக ஏற்றுமதி செய்து, கிம்ப்பில் ஓபன் அஸ் லேயர்ஸ் மூலம் ஒரே படத்துக்குள் அடுக்குகளாகச் சேர்க்கலாம்.

ஏற்றுமதியும் பொருத்துதலும்

ஃபைல் பட்டியலில் எக்ஸ்போர்ட் அஸ் சென்று, கோப்பின் பெயருக்குப் பின் ஒரு புள்ளி வைத்து ஐ, சி, ஓ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால், கிம்ப் ஒவ்வோர் அடுக்கையும் வரிசைப்படுத்திக் காட்டும் ஒரு பெட்டியைத் திறக்கும். எல்லாவற்றுக்கும் 32 பிட் நிற ஆழத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விளிம்பில் பாதி ஒளிபுகும் பிக்சல்கள் அதில்தான் காக்கப்படும். 4 பிட், 8 பிட் ஆகியவை பதினாறு நிறமும் 256 நிறமும் மட்டுமே காட்டிய பழைய திரைகளின் எச்சம். 256 பிக்சல் அடுக்குக்கு மட்டும் பிஎன்ஜி சுருக்கம் என்னும் பெட்டியைக் குறியிடவும். சுருக்காமல் விட்டால், 256ஐ 256ஆல் பெருக்கி, ஒரு பிக்சலுக்கு நான்கு பைட் வீதம், அந்த ஒரு படமே 2,62,144 பைட் இடம் பிடிக்கும். 16 பிக்சல் படமோ வெறும் ஆயிரம் பைட்டுக்குச் சற்று மேல். அதைச் சுருக்கி மிச்சப்படுத்த ஒன்றுமில்லை, பழைய மென்பொருள்களுக்குச் சுருக்காத வடிவமே பழகியது.

கிடைத்த கோப்பை இடம் மாறாத ஓர் இடத்தில், எடுத்துக்காட்டாக டாகுமென்ட்ஸ் கோப்புறைக்குள் ஐகான்களுக்கென்றே உள்ள ஓர் உட்கோப்புறையில், வைத்துவிட வேண்டும். விண்டோஸ் ஐகானைப் படியெடுத்து வைத்துக்கொள்வதில்லை, அதன் முகவரியை மட்டுமே குறித்துக்கொள்கிறது. டவுன்லோட்ஸ் கோப்புறையில் விட்டுவிட்டுப் பின்னொரு நாள் சுத்தம் செய்தால், அதனோடு ஐகானும் போய்விடும்.

ஒலிப்பதிவுக் கோப்புறையின்மேல் வலச்சொடுக்கிட்டு, பிராப்பர்ட்டீஸ் திறந்து, கஸ்டமைஸ் என்னும் தாவலில் சேஞ்ச் ஐகான் பொத்தானை அழுத்தி, பிரவுஸ் வழியாக நம் கோப்பைக் காட்டினால் வேலை முடிந்தது. பழைய மஞ்சள் உருவமே வேண்டுமானால், அதே பெட்டியில் ரீஸ்டோர் டிஃபால்ட்ஸ் இருக்கிறது. ஷார்ட்கட்டுக்கு அதே பிராப்பர்ட்டீஸில் ஷார்ட்கட் என்னும் தாவலில் சேஞ்ச் ஐகான் கிடைக்கும். திஸ் பிசி, குப்பைத்தொட்டி ஆகியவற்றை மாற்ற, செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், தீம்ஸ், டெஸ்க்டாப் ஐகான் செட்டிங்ஸ் என்று செல்ல வேண்டும்; குப்பைத்தொட்டிக்கு நிறைந்தது, காலியானது என்று இரண்டு ஐகான்கள் தேவை. ஒரே ஒரு வேர்ட் ஆவணத்துக்கு மட்டும் தனி ஐகான் வைக்க விண்டோஸில் நேரடி வழியில்லை. ஐகான் அந்தக் கோப்பு வகை முழுவதற்கும் உரியது. ஆவணத்துக்கு ஒரு ஷார்ட்கட் உருவாக்கி அதற்கு ஐகான் இடுவதே மாற்றுவழி.

ஐகானைத் திருத்தி அதே பெயரில் மீண்டும் சேமித்தால், திரையில் பழையதே பிடிவாதமாக நிற்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். விண்டோஸ் விரைவுக்காக ஐகான்களைத் தன் இடைச்சேமிப்பில் வைத்துக்கொள்வதே காரணம். அந்த இடைச்சேமிப்பைத் தேடி அழிக்கும் வழிகள் உண்டு என்றாலும், திருத்திய கோப்புக்குப் பெயரில் ஓர் எண்ணைச் சேர்த்து, புதிய கோப்பாகவே காட்டிவிடுவது மிக எளிது. விண்டோஸுக்கு அது முன்பின் பார்த்திராத ஐகான் என்பதால், உடனே எடுத்துக்கொள்ளும்.

சரிபார்க்க, கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சுட்டியின் சக்கரத்தை உருட்டினால் மேசைத்திரை ஐகான்கள் பெரிதும் சிறிதுமாக மாறும். ஒவ்வோர் அளவிலும் மூன்று வட்டங்களும் பிரிந்து தெரிகின்றனவா என்று பார்க்கவும். பின்னணிப் படத்தை ஒருமுறை வெளிறியதாகவும், ஒருமுறை கரியதாகவும் மாற்றிப் பார்ப்பதும் தேவை. வெண்ணிற வளையம் கரிய பின்னணியில்தான் காட்டிக்கொடுக்கும்.

இணையத்தில் படத்தை ஐகானாக மாற்றித் தரும் தளங்கள் ஏராளம். அவசரத்துக்கு அவை உதவும். ஆனால் சில தளங்கள் ஒரே ஓர் அளவை மட்டும் உறைக்குள் வைத்துத் தருகின்றன. இறக்கிய கோப்பைக் கிம்ப்பில் திறந்தால் எத்தனை அடுக்குகள் என்று தெரிந்துவிடும். குழந்தைகளின் முகம் உள்ள படங்களை அறியாத தளங்களில் ஏற்றாமல் இருப்பதும், பெரிதாகப் பளிச்சிடும் இறக்கப் பொத்தான் விளம்பரமா என்று பார்த்துச் சொடுக்குவதும் நல்லது. நூறு படங்களை ஒருசேர மாற்ற வேண்டியவர்களுக்கு, கட்டளை வரியில் இயங்கும் இமேஜ்மேஜிக் இருக்கிறது. அதில் ஒரே கட்டளையில் எல்லா அளவுகளையும் அடக்கிய ஐசிஓவைப் பெறலாம், ஆனால் பதினாறு பிக்சலைக் கையால் வரையும் வாய்ப்பு அதில் கிடையாது. பிறர் எடுத்த படத்தைச் சொந்தக் கணினியில் ஐகானாக வைத்துக்கொள்வது ஒன்று, அதை ஒரு மென்பொருளோடு சேர்த்து ஊருக்கு வழங்குவது வேறொன்று. பின்னதற்கு உரிமையாளரின் அனுமதியோ, அதை அனுமதிக்கும் உரிமமோ தேவை.

மேக் கணினியில் கோப்புறைக்கு ஐகான் வைக்க, மாற்றும் வேலையே பெரும்பாலும் தேவையில்லை. பின்னணி நீக்கிய பிஎன்ஜி படத்தைப் பிரிவ்யூவில் திறந்து, முழுவதையும் தேர்ந்து நகலெடுத்துக்கொண்டு, கோப்புறையைத் தேர்ந்து கெட் இன்ஃபோ சாளரத்தைத் திறந்து, அதன் மேல் இடமூலையில் தெரியும் சிறு உருவத்தைச் சொடுக்கி ஒட்டினால் போதும். அதே உருவத்தைச் சொடுக்கி டெலீட் விசையை அழுத்தினால் பழையது திரும்பிவிடும். படம் 1024 பிக்சல் அகலத்தில் இருந்தால் கூர்மையான திரைகளிலும் நன்றாக இருக்கும். மென்பொருளுக்கான முழு ஐகானுக்கு மட்டுமே ஐசிஎன்எஸ் என்னும் தனி வகை வேண்டும்; 16 முதல் 512 வரையிலான ஐந்து அளவுகளையும், அவை ஒவ்வொன்றின் இருமடங்கையும், ஒரு கோப்புறையில் உரிய பெயர்களுடன் வைத்து, கணினியிலேயே இருக்கும் ஐகான்யுடில் கருவியால் அதைக் கட்ட வேண்டும்.

லினக்ஸில் ஐசிஓ தேவையே இல்லை. உபுண்டு போன்றவற்றில் உள்ள க்னோம் கோப்பு மேலாளரில், கோப்புறையின் பிராப்பர்ட்டீஸ் சாளரத்தில் தெரியும் உருவத்தைச் சொடுக்கிப் பிஎன்ஜி அல்லது எஸ்விஜி படத்தைக் காட்டினால் அது ஏற்றுக்கொள்ளும். இங்க்ஸ்கேப்பில் செய்த எஸ்விஜி கோட்டுருவம் எந்த அளவுக்கும் நீளும் என்பதால், ஒரே கோப்பு போதும். ஆயினும் பதினாறு பிக்சலில் சுழி அடைபடுவது அங்கேயும் அடைபடத்தான் செய்யும் என்பதால், மென்பொருள்களின் ஐகான்களுக்கு அங்கும் அளவு வாரியாகத் தனித்தனிக் கோப்புறைகளில் படங்களை வைக்கும் வழக்கம் தொடர்கிறது.